தூளி, பால்புட்டி, நடுராத்திரி அழுகை

என் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். தூளியில் ஆட்டி, கையில் பால்புட்டி கொடுத்தால்தான் தூங்குகிறாள். ராத்திரி நான்கைந்து தடவை எழுந்து அழுகிறாள். ஒவ்வொரு தடவையும் பால், மறுபடி ஆட்டல். பசிதான் காரணம் என்கிறார் மாமியார். சரியா?
– ஒரு வாசகி, தேனி

எடை வயதுக்கு ஏற்றபடி இருந்து, பகலில் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள் என்றால் பசியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு வயதைத் தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்கு நடுராத்திரிப் பால் தேவையில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் ராத்திரியில் பலமுறை தூக்கம் லேசாகி, கண் அரைகுறையாகத் திறக்கும். கண்ணயர்ந்தபோது இருந்தவை அப்படியே இருந்தால் புரண்டு படுத்துவிடும். உங்கள் மகள் கண்ணயர்ந்தபோது தூளி ஆடியது, வாயில் புட்டி இருந்தது. விழித்தால் இரண்டும் இல்லை. அவற்றைக் கேட்டுத்தான் அழுகிறாள்.

முதலில் பாலைக் குறையுங்கள். தூளியையும் அதே வாரத்தில் நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் பறித்தால் வீடே தாங்காது. ஒரு தடவைக்கு 180 மி.லி. கொடுக்கிறீர்கள் என்றால், இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை 30 மி.லி. குறையுங்கள். 60 மி.லி.க்கு வந்ததும் நிறுத்திவிட்டு, கேட்டால் டம்ளரில் இரண்டு வாய் தண்ணீர் மட்டும் கொடுங்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே சர்க்கரை போடாத பாலை டம்ளரில் கொடுத்துப் பல் துலக்கிவிடுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறையும். அப்போது புட்டிப்பால் மேல் முன்பற்களில் தேங்கி, ஈறை ஒட்டி வெள்ளைக் கோடாகத் தொடங்கும் சொத்தை பிறகு பழுப்பாகும். மேல் உதட்டைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தப் பால் 500 மி.லி.யைத் தாண்டினால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். அந்தக் குறையே தூக்கத்தைக் கெடுக்கும்.

பால் நின்ற பிறகு தூளி. இந்த வயதில் உள்ளேயே எழுந்து நிற்பாள். துணி முறுக்கிக் கழுத்தில் சுற்றும் ஆபத்து நிஜமானது. மூன்று ராத்திரி, கண் சொக்கும்வரை மட்டும் ஆட்டிவிட்டு, முழுதாகத் தூங்குமுன் மெத்தையில் கிடத்தித் தட்டிக்கொடுங்கள். அடுத்த மூன்று ராத்திரி தூளியே வேண்டாம், தட்டல் மட்டும். தூளிக்குக் கட்டிய அதே சேலையை அவிழ்த்து, மெத்தைக்கு மேல் இழுத்து விரித்து, ஓரங்களை அடியில் செருகிவிடுங்கள். பழகிய வாசனை உதவும். அடுத்த மூன்று ராத்திரி தூளியே வேண்டாம், தட்டல் மட்டும். பிறகு கையை மேலே வைத்திருந்தால் போதும். பிறகு ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள்.

நடுவில் எழுந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுங்கள். நிறைய குழந்தைகள் சிணுங்கிவிட்டுத் தானாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால் விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், தூக்காமல் அங்கேயே தட்டுங்கள். முதல் சில ராத்திரிகளில் அழுகை கூடும். அரை மணி நேரம் அழவிட்டு மனம் பொறுக்காமல் புட்டியைக் கொடுத்தால், அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று அவள் பழகிவிடுவாள். எனவே ஆரம்பிக்குமுன் மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் பேசி, எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். காய்ச்சல், சளி, ஊர்ப்பயணம் இருக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியத் தூக்கம் ஐந்து மணிவரை நீண்டால் எட்டரைக்குத் தூக்கம் வராது; மூன்று, மூன்றரைக்கு எழுப்பிவிடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனும் டிவியும் அணைந்திருக்கட்டும். தினமும் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்தபடி திணறி மூச்சு விட்டாலோ இதையெல்லாம் செய்துகொண்டு காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று வயது மகன், தூங்கிய ஒன்றரை மணி நேரத்தில் வீறிட்டு அலறுகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களை அடையாளம் தெரியவில்லை. காத்துக்கருப்பு என்கிறார் அம்மா.
– ஒரு வாசகர், அறந்தாங்கி

மருத்துவத்தில் இதை நைட் டெரர் என்பார்கள். ஆழ்ந்த தூக்கம் பாதி கலைந்த நிலை இது. வியர்க்கும், நெஞ்சு படபடக்கும்; சில நிமிடங்களில் தானாக அடங்கும், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. கெட்ட கனவு என்றால் பெரும்பாலும் பின்னிரவில் வரும். குழந்தை உங்களை அடையாளம் கண்டு கட்டிக்கொள்ளும். அம்மா திருஷ்டி கழிப்பதில் தவறில்லை. ஆனால் அலறும் நேரத்தில் உலுக்குவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது வேண்டாம், பயம்தான் கூடும். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும், எனவே அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி நேரம் முன்பு லேசாக எழுப்பி மறுபடி தூங்கவிடுங்கள். சில வாரம் செய்தால் பலருக்கு நிற்கும். கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, ஒரே ராத்திரியில் பலமுறை வந்தாலோ செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பா என்று பார்க்க வேண்டும்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சியா?
– ஒரு வாசகி, உடுமலை

பல் கடிப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சிறு குழந்தைகளுக்கு அது சகஜம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழுந்தால்தான் நூல்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். பெண் புழு முட்டையிட அந்த நேரத்தில்தான் வெளியே வரும். தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் துண்டு போல நெளிவது தெரியும். மருத்துவர் சொல்லும் அளவில் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும் சாப்பிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, ஜட்டியையும் விரிப்பையும் வெந்நீரில் துவையுங்கள்.