கூண்டில் நிற்பவன் வாய் திறக்காதபோது

கேள்வி: குமரி மாவட்டத்தில் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆன மாஜிஸ்ட்ரேட் நான். கஞ்சா வழக்கில் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன். இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை, பிடியாணையில் கொண்டுவந்தார்கள். எது கேட்டாலும் தரையைப் பார்த்தபடி நிற்கிறான். திமிரா? அப்பா ஒக்கிப் புயலில் போனவர் என்று அவன் அம்மா வராந்தாவில் என்னிடம் அழுதார். சட்டத்தை வளைக்காமல் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதனால் அடையாளம் காட்டும் விவரங்களை வெட்டிவிட்டேன். தீர்ப்பிலும் மூக்கை நுழைக்க மாட்டேன். பொதுவாகப் பேசலாம்.

முதலில் வராந்தா. அங்கே காதில் விழுந்தது பதிவில் இல்லாத பேச்சு. அவனுக்கு வக்கீல் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒருவரைக் கொடுங்கள். அப்பாவின் கதை மனுவாக வரட்டும். "என்னப்பா நடந்தது, சொல்லு" என்று கூண்டில் வைத்து மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் உடல்கூடக் கரை சேராத வீடுகள் உண்டு. வீட்டிலேயே பேசாததை நாலு பேர் முன்னால் கொட்டச் சொல்வது இன்னொரு அடி.

திமிரா என்கிறீர்கள். இருக்கலாம், அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய பயத்தைக் கண்ட உடம்பு, அந்தப் பயம் திரும்பும்போது சீறும், ஓடும், இல்லையென்றால் உறைந்துபோகும். பின்னால் காக்கிச்சட்டை, மேலே நீங்கள், நடுவில் புரியாத கோர்ட் பாஷை. தேதியைக் கேட்டால் குழப்புவான். நாம் பொய் என்று எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று ரிமாண்டா, வீட்டுக்கா என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். காவலரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வேண்டாம்.

சட்டத்தை வளைக்கவும் வேண்டாம். கஞ்சா 1 கிலோவுக்குள் என்றால் சிறு அளவு. அதில் சிக்கிய போதை அடிமை தானே முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்தே காப்பாற்றுகிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். குற்றம் நிரூபணமானாலும் 39-வது பிரிவின்படி, அவன் சம்மதத்தோடு, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அறிக்கை வர வேண்டும். மூட்டைக் கணக்கில் விற்பவனுக்கு இந்த வழி கிடையாது, அது சரியும்கூட.

அனுப்பும் இடம் முக்கியம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மறுவாழ்வு என்று போர்டு மாட்டியதை நம்பி, அடித்துத் திருத்தும் இடத்தில் தள்ளிவிடாதீர்கள். அப்பாவின் சாவும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். கஞ்சாவை மட்டும் நிறுத்தினால் ராத்திரியில் கடல் திரும்பி வரும். நடுவில் ஒருமுறை சறுக்கினால் உடனே ஜாமீனில் கை வைக்காமல், ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த இரண்டு வாய்தா: தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அவன் எங்கே இருந்தான் என்று யாராவது கேட்டார்களா? அடுத்த தேதியைக் குறிக்கும் முன் பெஞ்ச் கிளார்க்கை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், படகு என்றைக்குப் போகிறது என்று.