பழைய காருக்குப் புது பிரேக் பைப்

கேள்வி: என் பழைய அம்பாசிடரில் பிரேக் பைப் துருப்பிடித்துவிட்டது. ஏசிக்குப் போடும் செம்புக் குழாயையே வளைத்துப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வெறும் செம்பு அதிர்வில் இறுகி, ஃப்ளேர் (விரித்துவிட்ட குழாய் முனை) ஓரத்தில் மயிரிழையாய் விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த 3/16 அங்குல குப்ரோ நிக்கல் பைப் வாங்குங்கள். பழைய பைப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்களுக்கு அளவு. உடைந்திருந்தால் கட்டுக்கம்பியை வளைத்து மாதிரி எடுங்கள். கையால் மடக்கினால் நசுங்கும், குழாய் வளைக்கும் பெண்டரில் வளையுங்கள். நட்டைப் பைப்பில் கோத்துவிட்டுத்தான் ஃப்ளேர் அடிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஃப்ளேர் பழைய முனையின் வடிவத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். சைலன்சர் பக்கம் போகாமல் விலக்கி, 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் போடுங்கள். பிரேக் லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகு ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.