பஞ்சமத்துக்குக் காத்திருக்கும் காது – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹெவி மெட்டல் ராக் இசை என்றாலே வேகம்தானே? அதில் டூம் மெட்டல் என்ற வகையைக் கேட்டுப் பார்த்தேன், ஆமை மாதிரி நகர்கிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பிளாக் சப்பாத் என்ற குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பர்மிங்ஹாம்காரர்கள் நால்வர் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது, 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. முதலில் மழைச் சத்தம், தூரத்தில் ஒரு மணி. அப்புறம் கிதாரில் மூன்றே ஸ்வரங்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். பஞ்சமத்துக்கு ஒரு அரைப்படி கீழே வந்து நின்றுவிடுகிறது. காது பஞ்சமத்துக்குக் காத்துக்கொண்டே இருக்கிறது, அது வருவதாயில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் இதை முதல் தடவை கேட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே, கடைசியில் பாட்டு வேகமெடுத்தபோதுதான் தெரிந்தது.

கிதார் வாசித்த டோனி ஐயோமி, 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகளுக்குக் கம்பிகளை மூன்று அரைப்படி தளர்த்தினார். விரலுக்கு இதம் கிடைத்தது, ஒலியும் பாதாளத்துக்கு இறங்கியது.

என் கிதாரிலும் அதைச் செய்து பார்த்தேன். தடித்த கம்பி விரலுக்கடியில் நெளிகிறது. ஓங்கி மீட்டினால் சுருதி ஒரு கணம் மேலே ஏறி, மெல்ல இறங்கித் தன் இடத்தில் உட்காருகிறது. அடுத்த ஸ்வரத்துக்கு அவசரப்பட்டால் அது உட்காருவதைக் கேட்கவே முடியாது. இந்த இசை ஏன் மெதுவாகப் போகிறது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

மற்றவர்கள் வேகத்துக்குப் போட்டி போட்ட எண்பதுகளில் இந்த நடையைக் காப்பாற்றியவர்களில் லாஸ் ஏஞ்சலஸின் செயின்ட் வைட்டஸ், ஸ்வீடனின் கேண்டில்மாஸ் இரண்டு குழுக்களும் எனக்கு நெருக்கம். அடுத்ததாக 1986-ல் வந்த கேண்டில்மாஸின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். யோஹான் லாங்குவிஸ்ட் தொண்டை திறந்து பாடியிருப்பார்.

கேள்வி: மனசு சரியில்லாதபோது இதைக் கேட்டால் இன்னும் பாரமாகிவிடாதா?

பதில்: எனக்கு ஆவதில்லை. அந்த மாதிரி நாட்களில் துள்ளல் பாட்டு, 'எழுந்திரு, எழுந்திரு' என்று தோளைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கும். இது பேசாமல் பக்கத்தில் வந்து உட்காருகிறது. நான் போடுவது செயின்ட் வைட்டஸின் 'பார்ன் டூ லேட்'. ஒன்று மட்டும், போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாஸ் மொத்தமும் காணாமல் போய்விடும்.