பி.டி.ஐ. (பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா) போன்ற செய்தி நிறுவனங்கள் கலை, பண்பாட்டுச் செய்திகளைக் கண்டுகொள்வதே இல்லையா?

"அரசியலும் கிரிக்கெட்டும்தானே அனுப்புகிறார்கள்" என்று கேள்வியிலேயே ஒரு குத்து இருக்கிறது. நீங்கள் இதழியல் மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு தமிழ் நாளிதழின் இரவுப் பணியில் ஏஜென்சி, அதாவது செய்தி நிறுவனம், பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திகளைப் பிரித்துப் போட்டே தலை நரைத்தவன் நான். அதனால் சும்மா போக முடியவில்லை.

அனுப்பத்தான் செய்கிறார்கள். பத்திரிகைகள் போடுவதில்லை.

பி.டி.ஐ. அன்றாடச் செய்தியோடு நின்றதில்லை. கட்டுரைத் தொகுப்புகள், அறிவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் தனிச் சேவைகள், நாட்டு நடப்பை அகர வரிசையில் தொகுத்துத் தந்த 'டேட்டா இந்தியா' என்று நிறையவே வெளியிட்டிருக்கிறது. சாகித்திய அகாதெமி விருது, ஓவியக் கண்காட்சி, நாட்டியம் எல்லாம் ஏஜென்சி வழியாக வரும். இரவு ஒன்பது மணிக்கு ஜவுளிக்கடை விளம்பரம் அரைப் பக்கம் வந்து விழும். பக்கத்திலிருந்து முதலில் தூக்கப்படுவது நாட்டியம்தான்.

2004 டிசம்பர் 11 இரவு எம்.எஸ். சுப்புலட்சுமி காலமானார். சங்கீத சீசன் நேரம். வெளியூர்ப் பதிப்புகள் அச்சுக்குப் போய்விட்டன, நகரப் பதிப்புதான் மிச்சம். எங்கள் நிருபர் தொலைபேசியில் சொன்னது இறந்த செய்தியும் வீட்டு முன் கூடிய கூட்டமும் மட்டுமே. 1966-ல் ஐ.நா. சபையில் பாடியது, 1968-ல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண்மணி, 1998-ல் பாரத ரத்னா என்று வாழ்க்கை முழுவதும் ஏஜென்சியிலிருந்துதான் வந்தது. மளமளவென்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். காலையில் பார்த்தால் மேலே 'நமது சிறப்பு நிருபர்' என்று போட்டிருந்தார்கள். ஏஜென்சி பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அப்புறம் வாசகருக்கு எப்படித் தெரியும், பண்பாட்டுச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று?

பி.டி.ஐ.க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே ஒரு நாள்கூட நான் சம்பளம் வாங்கியதில்லை. அது அரசு நிறுவனம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்திரிகைகளே பங்குதாரர்கள், லாபத்தைப் பிரித்துக்கொள்வதில்லை. பங்குதாரர்கள் எதைக் கேட்கிறார்களோ அதுதானே அதிகம் வரும்?

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. 1947 ஆகஸ்ட் 27-ல் அந்த நிறுவனம் பதிவானது நம் சென்னையில்தான். 1949 பிப்ரவரி 1-ல் வேலையைத் தொடங்கியது. 1986-ல் 'பாஷா' என்று இந்திச் சேவை வந்தது. நான் வேலை பார்த்த காலம் முழுக்கத் தமிழுக்கு ஒன்று வரவே இல்லை. கொட்டாம்பட்டி கூத்துக் கலைஞரைப் பற்றிய செய்திகூட ஆங்கிலத்துக்குப் போய்த்தான் தமிழுக்குத் திரும்ப வேண்டும்.

சரி, சீசன் என்றதும் நினைவுக்கு வருகிறது. சபாக்கள் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் பாஸ் ஒரு தடவைகூட இரவுப் பணிக்காரன் கைக்கு வந்ததில்லை. விளம்பரப் பிரிவுக்காரர்கள் குடும்பத்தோடு போய், முன்வரிசையில் உட்கார்ந்து, மிருதங்கக்காரர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.