அறுநூறு அடிக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் வீட்டு போர் 600 அடி. போன வாரம் மோட்டாரைத் தூக்கியபோது குழாய் முழுக்கச் செந்நிறக் கொழகொழப்பு. “அவ்வளவு ஆழத்தில் உயிர் ஏதம்மா, வெறும் துரு” என்கிறார் மோட்டார்க்காரர். சரிதானா ஐயா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: துருதான், ‘வெறும்’ என்பதுதான் தவறு. காரைக்குடியில் எங்கள் மோட்டாரும் இப்படித்தான் வெளியே வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். துரு நறநறக்கும், இது வெண்டைக்காய்போல வழுக்கியது. நுண்ணோக்கியில் வைத்தால், கைமுறுக்குச் சுற்றும்போது மாவு திரிவதுபோல மெல்லிய இழைகள். கேலியோனெல்லா என்ற இரும்பு பாக்டீரியாவின் கைவேலை. நீரில் கரைந்த இரும்பும் காற்றும் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்து, இரும்பைத் துருவாக்கி, அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் பிழைக்கிறது.

ஆனால் இதற்கும் காற்று வேண்டும். அது கூட வேண்டாம் என்கிற ஆழவாசிகள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் கீழே, பாறை இடுக்கில் ஊறும் 60 டிகிரி வெந்நீரில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. அதன் மரபணுத் தொகுதி 2008இல் வெளியானது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரை உடைக்கிறது. அதில் வரும் ஹைட்ரஜனும், கூடவே சல்பேட்டும்தான் அதற்குச் சாப்பாடு. கார்பன், நைட்ரஜன் எல்லாம் தானே பிடித்துக்கொள்கிறது. அண்டை வீட்டில் கைமாற்று வாங்குவதற்கு அண்டை வீடே இல்லை: அந்த நீரில் 99.9 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே இனம்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை, நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். ஆழத்தில் ஒரு முறை பிரியவே பல ஆண்டுகள், சிலவற்றுக்கு நூற்றாண்டுகள்கூட ஆகலாம் என்று கணக்கிடுகிறார்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பூட்டு. பின்கட்டில் காவல்காரர் ஒற்றை விளக்கில் கஞ்சி காய்ச்சுகிறார். வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

உங்கள் குழாய்ச் சேறு பொதுவாக நோய் தராது. குழாயை அடைக்கும், வெள்ளை வேட்டியைப் பழுப்பாக்கும். குளோரின் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுங்கள். கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா வகை இருந்தால், பெரும்பாலும் அது ஆழத்திலிருந்து ஏறியதல்ல. செப்டிக் டேங்க்கிலிருந்து இறங்கியது.

கேள்வி: எவ்வளவு ஆழம் வரை உயிர் இருக்கும்?
– மாணவர், தேவகோட்டை

பதில்: சூடு இடம் கொடுக்கும் வரை. பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 டிகிரி கூடும். ஆய்வகத்தில் 122 டிகிரியிலும் பெருகிய நுண்ணுயிர் உண்டு. மேலே 30 டிகிரி என்று வைத்து வகுத்துப் பாருங்கள். விடையை எனக்கு அனுப்ப வேண்டாம், தம்பி. உங்கள் கணக்கு வாத்தியாரிடம் காட்டுங்கள்.