மெலட்டூரில் தெலுங்கு புரிந்தா பார்த்தோம்?

கேள்வி: எனக்குப் பிறந்த வீடு மெலட்டூர், வாழ்க்கைப்பட்டது அய்யம்பேட்டை. மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் கடைசியில் நானும் கணவரும் இரண்டு வாரம் அங்கே போகிறோம். ஃபூஜி மலை, புல்லட் ரயில், டிஸ்னிலேண்ட் என்று அவன் பட்டியல் போட்டுவிட்டான். எனக்கு அந்த ஊர்ப் பழைய மேடைக் கலையான கபுகி நாடகம் ஒன்று பார்க்க ஆசை. "பாஷை தெரியாம நாலு மணி நேரம் உட்கார்ந்து என்ன பண்ணப் போற?" என்கிறார் கணவர். மகனும் அவர் பக்கம்தான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அய்யம்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரரை ஒன்று கேளுங்கள். நரசிம்ம ஜெயந்திக்கு உங்கள் ஊரில் கண்விழித்துப் பிரகலாத சரித்திரம் பார்க்கிறார்களே, அது என்ன பாஷை? வெங்கடராம சாஸ்திரி எழுதிய பாகவத மேளா நாடகமெல்லாம் தெலுங்கு. தெலுங்கு தெரிந்தா சனம் அங்கே உட்கார்ந்திருக்கிறது? தூணைப் பிளந்து நரசிம்மர் வருகிற நேரத்தில் யாராவது எழுந்து போவார்களா? கதை தெரியும், அது போதும். கபுகிக்கும் இதையே செய்யுங்கள். அந்த மாதம் என்ன நாடகம் என்று மகனை இணையத்தில் பார்க்கச் சொல்லி, கதையை ஊரிலேயே தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்குப் பழகினதாகவே இருக்கும். பிரகலாதனின் தாய் லீலாவதி வேஷத்தை ஆண் கட்டுவதுபோல அங்கேயும் பெண் வேஷம் ஆண்களுக்குத்தான். இத்தனைக்கும் 1603 வாக்கில் கியோத்தோவில் அதை ஆரம்பித்துவைத்தது ஒகுனி என்ற பெண். 1629இல் அரசு பெண்களை மேடையேறக் கூடாது என்று தடுத்தது. பெண் தொடங்கிய கலையில் பெண்ணுக்கே இடமில்லாமல் போன கொடுமையை என்ன சொல்ல! உச்சக்கட்டத்தில் நடிகர் கண்ணை உருட்டிச் சிலையாக நிற்பார், பக்கத்தில் ஒருவர் மரக்கட்டைகளைப் பலகையில் தட்டுவார். அந்த நேரம் பார்த்து, பழகிய ரசிகர்கள் நடிகரின் பரம்பரைப் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார்கள். அதை மட்டும் நாம் முயல வேண்டாம்.

'நருகாமி' என்று ஒரு நாடகம் உண்டு. நீங்கள் போகிற சமயம் நடந்தால் விட்டுவிடாதீர்கள். கோபம் கொண்ட துறவி ஒருவர் மழை தரும் நாகங்களை அருவிச் சுனையில் அடைத்துவிடுகிறார். நாடு வறள்கிறது. அரசன் அனுப்பிய அழகி வந்து அவரை மயக்கி, சாராயம் ஊற்றிக்கொடுத்து, சுனையைக் காக்கும் கயிற்றை அறுக்கிறாள். மழை கொட்டுகிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பெண்கள் மயக்கி அழைத்துவந்ததும் மழை பெய்ததே, அந்தக் கலைக்கோட்டு முனிவர் (ரிஷ்யசிருங்கர்) கதைதான். பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்குப் போனது. தேரழுந்தூர்க் கம்பர் பாலகாண்டத்தில் பாடிய அதே முனிவர்! மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நமக்கா இந்தக் கதை புரியாது?

நாலு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. டோக்கியோவின் கபுகிசா அரங்கில் ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் தருகிறார்கள். நாடகத்தைப் பொறுத்து ஆயிரம், இரண்டாயிரம் யென் அளவில் இருக்கும். பெரும்பாலும் முதல் நாளே இணையத்தில் விற்பார்கள். இடம் நாலாவது மாடியில். கூட்டத்துக்கு நடுவே நடிகர்கள் வந்துபோகும் நீண்ட நடைமேடை அங்கிருந்து முழுதாகத் தெரியாது, அதுதான் குறை. கீழ்த்தள இருக்கை பத்தாயிரம் யென்னைத் தாண்டிவிடும். முதல் தடவைக்கு நாலாம் மாடியே போதும் என்பேன். மனசு கேட்காவிட்டால் இன்னொரு நாள் கீழே உட்காருங்கள், மகன் சம்பாதிக்கிறானே.

தேதிதான் கொஞ்சம் சிக்கல். மாதக் கடைசியில் சில நாள் அரங்கில் நாடகம் இருக்காது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை வேறு. புல்லட் ரயிலிலும் ஃபூஜி பக்கமும் கூட்டம் நெரியும். ஆகவே வெளியூர்ப் பயணங்களை அந்த வாரத்துக்குப் பிறகு தள்ளி வைக்கச் சொல்லுங்கள். டிஸ்னிலேண்ட் உங்கள் மகனுக்குத்தான் ஆசையோ என்னவோ, அதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.

சைவமாக இருந்தால் சாப்பாட்டில் கவனம் வேண்டும். காய்கறிச் சூப் என்று கொடுப்பதிலும் மீன் வடிசாறு கலந்திருக்கும். முழுக்காட்சிக்குப் போவதானால் இடைவேளையில் இருக்கையிலேயே சாப்பிடலாம். புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரைக் கிளப்ப ஒரு வழி சொல்கிறேன். நாடகத்துக்குப் போகிற அன்று காலை டோக்கியோவின் அசகுசா பகுதியில் தொடங்குங்கள். சென்சோஜி கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தால் மட்சுசியாமா ஷோதென் என்ற சின்னக் கோயில் வரும். மூலவர் நம் பிள்ளையார்தான். திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அவருக்குப் படைப்பது வெள்ளை முள்ளங்கி, கோயிலிலேயே விற்கிறார்கள். தரிசனம் முடித்து அசகுசாவில் சுரங்க ரயில் ஏறினால், மாறாமல் ஹிகாஷி கின்சாவில் இறங்கலாம். கபுகிசா அந்த நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது.