“நின்றுபோய்விட்டது” என்று எழுதிய தம்பிக்கு

கேள்வி: எனக்கு வயது 27. கிளிநொச்சி மாவட்டத்தில் முரசுமோட்டைப் பக்கம் அம்மாவுடனும் தங்கையுடனும் இருக்கிறேன். அப்பா 2009இல் இறந்துவிட்டார். லண்டனில் இருக்கும் அண்ணா மாதாமாதம் காசு அனுப்புகிறார். மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். கோழி வளர்க்கத் தொடங்கினேன், நின்றுபோய்விட்டது. கணினி வகுப்பும் இடையில் விடுபட்டுப்போனது. கந்தோர் அலுவல்களைத் தங்கை பார்க்கிறாள். மற்றதெல்லாம் அக்காவின் வீட்டிலிருந்து அத்தான் வந்து செய்வார். தை மாதத்திலிருந்து பாதிக் காசுதான் வரும் என்று அண்ணா சொல்லிவிட்டார். சொந்தக் காலில் நிற்க எனக்கும் ஆசைதான். எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை வினைச்சொற்களை மட்டும் பார்த்தேன். கோழி வளர்ப்பு நின்றுபோனது. வகுப்பு விடுபட்டுப்போனது. நிறுத்தியவரும் இல்லை, விட்டவரும் இல்லை. எல்லாம் தானாகவே நடந்திருக்கிறது. நம்முடைய மொழி இதற்கு நல்ல வசதி செய்து தந்திருக்கிறது. மறந்துபோயிற்று, பிந்திப்போயிற்று, கைதவறிப்போயிற்று என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். நானும் இதில் கெட்டிக்காரன்தான். ஒருமுறை பரந்தன் சந்தியில் பொலிஸ் மறித்தபோது, “வாகன வரிப்பத்திரம் முடிந்துபோய்விட்டது ஐயா” என்றேன். “முடிந்தது சரி, ஓடிக்கொண்டு வந்தது யார்?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் அவர். தண்டப்பணத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டது.

ஆனால் உங்கள் வாழ்க்கையில் உண்மையாகவே தானாக வந்து விழுந்தவை இருக்கின்றன. போர் முடிந்த 2009இல் உங்களுக்குப் பத்து, பதினொரு வயது இருந்திருக்கும். இடம்பெயர்வும் முகாமும் நிவாரண வரிசையும் அப்பாவின் இழப்பும் நீங்கள் செய்தவை அல்ல. அவற்றுக்கு நீங்கள் பொறுப்பும் அல்ல. அந்த நாட்களில் உங்கள் கையை இறுக்கிப் பிடித்திருந்த அம்மா, இன்னும் பிடியைத் தளர்த்தவில்லை என்பதே என் ஊகம். அதை அவருடைய குறையாகச் சொல்ல மாட்டேன். அன்று கையை விட்டவர்கள் பிள்ளைகளைத் தொலைத்தார்கள். எனவே உங்கள் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்: எனக்கு நடந்தவை, நான் செய்தவை. கோழி இரண்டாவதில் வரும்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு வாரத்துக்கு உங்களுக்காக மற்றவர்கள் செய்வதை எல்லாம் எழுதுங்கள். உடுப்புத் தோய்ப்பது யார், மின்பட்டியலைக் கட்டுவது யார், கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கப் போவது யார், சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப்போடுவது யார், மருந்தெடுக்க அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார். பட்டியல் நீளும், வெட்கப்படாதீர்கள். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். ஐந்தை எடுப்பவர்கள் மூன்றாம் கிழமை எல்லாவற்றையும் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதை எடுப்பது? திரும்பத் திரும்ப வருவதாகவும், தவறினால் தவறு வெளியே தெரிவதாகவும் இருக்க வேண்டும். மின்பட்டியல் நல்ல தொடக்கம். ஆனால் ஒரு நிபந்தனை: பொறுப்பை எடுத்தால் அதன் நினைவையும் எடுக்க வேண்டும். “தங்கச்சி, கடைசித் திகதி வந்தால் சொல்லு” என்று சொல்லிவைத்தால், பொறுப்பு இன்னும் தங்கையிடம்தான் இருக்கிறது. நீங்கள் அவளுடைய எடுபிடி, அவ்வளவுதான். பட்டியல் தவறி மின்சாரம் துண்டிக்கப்பட்டால் மீள்இணைப்புக்கு அலைவதும் நீங்களே. அத்தானைக் கூப்பிட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன்? தன்னால் முடியும் என்ற நம்பிக்கை மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறருடைய ஊக்கச் சொல், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் முதலாவதே வலியது. “உன்னால் முடியும்” என்று தொலைபேசியில் அண்ணா நூறு முறை சொல்வதைவிட, நீங்கள் கட்டி வாங்கிய மூன்று பற்றுச்சீட்டுகளுக்கு வலு அதிகம்.

சமையலையும் தொடுங்கள். ஆண்பிள்ளை என்று தள்ளி நிற்காதீர்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர், உட்புறம் வரிவரியாக இருக்கும் அரிக்கன் சட்டியில் அரிசி அரித்துக் கல் நீக்கப் பழகியதைச் சொன்னார். முதல் நாள் அரிசி முழுவதும் கல்லோடு சேர்ந்து போனது. தாய் சட்டியைப் பறிக்க வந்தார். “பொறுங்கள் அம்மா” என்று அவர் தடுத்தாராம். சட்டியைச் சற்றுச் சரித்து, சுற்றிச் சுற்றி ஆட்டினால் அரிசி தண்ணீரோடு மேலே வரும், கல் வரிகளில் தங்கும். அது கைக்குப் பிடிபட ஒரு கிழமை எடுத்தது. அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் எல்லோரும் கல் கடித்தார்கள். உங்கள் வீட்டிலும் கடிக்கட்டும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். “நீங்கள் செய்யக் கூடாது” என்று கையைத் தட்டிவிடாமல், “எனக்குக் காட்டித் தாருங்கள்” என்று கேளுங்கள். முதலாவது அவரை வெளியே தள்ளும், இரண்டாவது அவரை ஆசிரியர் ஆக்கும்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த மண் இது. உங்களுக்குக் காட்டித் தரக்கூடியவர்கள் நாலு வீட்டுக்குள் இருப்பார்கள்.

அண்ணாவின் காசைப் பற்றி. ரோசத்தில் “இனி அனுப்பவே வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். பாதிக் காசை அம்மாவின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒதுக்கி, உங்களுடைய தொலைபேசிக்கும் பெற்றோலுக்கும் ஒரு சதமும் அதிலிருந்து எடுப்பதில்லை என்று வையுங்கள். குறைகிற பாதியை ஈடுகட்ட லீசிங்குக்கோ கிழமைக் கடனுக்கோ மட்டும் போகவே வேண்டாம். அண்ணா ஒரு மாதம் பிந்தினால் பேசித் தீர்க்கலாம். கிழமைக் கடன்காரர் படலையில் வந்து நிற்பார்.

பெரிய விடயம் வயல். மூன்று ஏக்கரையும் உடனே மீட்காதீர்கள். குத்தகைக்காரரிடம் பேசி அரை ஏக்கரை மட்டும் கேளுங்கள். மாரிமழையோடு செய்யும் இந்தக் காலபோகத்துக்கு அவருடைய பக்கத்திலேயே நின்று உழவு, விதைப்பு, பசளை என்று பழகுங்கள். பண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று அங்கே இருக்கிறது. கமக்காரர் அமைப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா, பசளை மானியம் யாருடைய பெயரில் போகிறது என்று கமநல சேவை நிலையத்தில் நீங்களே போய்க் கேளுங்கள். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்று முடிவாகும் கூட்டத்துக்கும் போங்கள். அங்கே போகாதவர்கள் பிறகு வாய்க்கால் கரையில் நின்று ஏசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நித்திரை இல்லை, பழைய காட்சிகள் திரும்ப வருகின்றன, எதிலும் மனம் ஒட்டவில்லை, குடி கூடுகிறது என்றால், அது சோம்பல் அல்ல, பயிற்சியால் மட்டும் தீரவும் மாட்டாது. மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதையும் நீங்களே அழையுங்கள், தங்கையைக் கொண்டு அல்ல.

அடுத்த முறை எழுதும்போது கோழிக் கதையை விவரமாக எழுதுங்கள். எத்தனை குஞ்சு, தீவனத்துக்கு எவ்வளவு, எந்த நாளில் கூட்டைத் திறந்துவிட்டு இனி வேண்டாம் என்று தீர்மானித்தீர்கள் என்று. “நிறுத்தினேன்” என்ற சொல்லோடு தொடங்கினால், மறுபடி வளர்ப்பதா வேண்டாமா என்பதை அப்போது பேசலாம்.